காருக்குள் கதைக்க ஒரு லைட்

1. ஏறமாட்டேன் என்று நின்ற மனுசி

“பாஸ், என்ர மனுசி காருக்குள்ள ஏறமாட்டன் எண்டு நிக்கிறா. உங்களால ஏதும் செய்ய ஏலுமோ?”

ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாள் காலையில், கையிலிருந்த பால் இல்லாத பிளேன்ரீயை ஒரு வாய் குடிக்கவும் விடாமல் குணத்தார் கேட்ட கேள்வி இது.

“மனுசி கோபமெண்டால் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இஞ்ச ஏன் வாறியள்? நான் வயரிங் பாஸ்” என்றேன்.

வழமையாக என் பகிடிக்கு முதலில் சிரிப்பவர் அவர். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அப்போதுதான் நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

திருகோணமலையில் உட்துறைமுகப் பக்கம் போகும் வீதியில் முப்பத்தாறு வருடமாக வாகன வயரிங் வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் மேசன், மெக்கானிக் என்று எந்தக் கைத்தொழில்காரனையும் பாஸ் என்பார்கள். “சூசை பாஸிட்ட போனா வேலை திறம், வாய்தான் சரியில்லை” என்று ஊரில் ஒரு கதை உண்டு. உண்மைதான், மறுக்க மாட்டேன். ஓட்டோவுக்கு அடியில் நீல லைட் கட்டித் தாருங்கள் என்று வருகிறவர்களிடம், “ஏன், ரோட்டில கிடக்கிற கல்லுக்குக் கலியாணமோ?” என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். ஆனால் எல்.இ.டி. என்றால் எனக்கு ஆசை. கடையில் விற்கிற ஆயத்த லைட்டை வாங்கிப் பூட்டுவதில் என்ன இருக்கிறது? பல்பு பல்பாக வாங்கி, ரெசிஸ்டர் கணக்குப் பார்த்து, பெட்டி செய்து பூட்டினால்தான் கைக்கு ஒரு வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, அப்படி நான் செய்த ஒரு லைட்டைப் பற்றி எழுதுகிறேன். இதில் நான் சறுக்கிய இடங்களையும் மறைக்காமல் சொல்கிறேன்.

குணத்தார் சீனன்குடாவில் ஒரு ஸ்தாபனத்தில் ஸ்டோர் கீப்பர். வீடு லிங்கநகரில். மனைவி ஈஸ்வரி, பள்ளிக்கூடச் சட்டைகள் தைப்பவர். இரண்டு வருடத்துக்கு முன்னர் வந்த ஒரு காய்ச்சலோடு ஈஸ்வரிக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. காதுக்கு மெஷின் வைத்தும் பலனில்லை. மகளை மூதூருக்கு அப்பால் கிளிவெட்டியில் வயல் செய்கிற குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பேரனுக்கு அப்போது ஐந்து மாதம்.

“பகலெண்டால் பிரச்சினையில்லை பாஸ். நான் காரோட்டிக்கொண்டே கதைப்பன், அவ என்ர முகத்தைப் பாத்து விளங்கிக்கொண்டு மறுமொழி சொல்லுவா. கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் போகமுதல் இருட்டியிடும். இருட்டினதோட கதை நிண்டுபோம்.”

“பகலில போங்கோவன்.”

“ஆறு நாளும் வேலை. ஞாயிறு விடியப் போனால் ஒரு பிடி சோறு தின்னமுதல் திரும்போணும். சனி பின்னேரம் போனாத்தான் ஒரு ராத்திரி பேரனோட கிடக்கலாம்.”

“பஸ்ஸில?”

“தனியப் போகப் பயப்பிடுறா. கொண்டக்டர் இடத்தின்ர பேரைக் கத்தினால் அவவுக்கு எங்க கேக்கிறது?”

பிறகு அந்த யானைக் கதையைச் சொன்னார். ஐந்து கிழமைக்கு முன்னர், மூதூர் தாண்டி வயல்வெளி தொடங்குகிற இடத்தில், அவருடைய பக்கத்து ஓரத்தில் ஒரு யானை நின்றிருக்கிறது. பிரேக்கை மிதித்து, “யானை, யானை” என்று கத்தி, ஹெட் லைட்டை நூர்த்து இருட்டாக்கி, காரைப் பின்னுக்கு எடுத்திருக்கிறார். ஈஸ்வரிக்கு யானையும் தெரியவில்லை, சத்தமும் கேட்கவில்லை. கார் குலுங்கி நின்றது, புருசன் வாயைத் திறந்து ஏதோ கத்தியது, லைட் நூர்ந்தது, கார் பின்னுக்கு ஓடியது. இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

“நான் ஆரையோ இடிச்சுப்போட்டுத் தப்பி ஓடுறன் எண்டு நினைச்சிட்டா பாஸ். விறைச்சுப்போய் அழுதுகொண்டு இருந்தவ. பிறகு கூரை லைட்டைப் போட்டுச் சொன்னனான். ஆனா, இனி இருட்டுக்க இந்தக் காரில இருக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. நாலு சனிக்கிழமை நான் தனியத்தான் போனனான். பேரன்ர முகத்தை அவ போனிலதான் பாக்கிறா.”

கூரை லைட்டைப் போட்டுக்கொண்டே ஓடலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. உள்ளே வெளிச்சம் கூடினால் முன் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடும் என்பது வயரிங் வேலை செய்கிறவனுக்குத் தெரியும். அவரும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். “என்ர மூஞ்சைதான் தெரியுது, ரோட்டைக் காணேல்லை” என்றார்.

“என்ர வாயில மட்டும் விழுற மாதிரி ஒரு லைட் வேணும் பாஸ். அவ என்ர வாயைப் பாத்துத்தான் விளங்கிறவ. நானும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு, ஆறுதலா வாயைத் திறந்து கதைக்கப் பழகினனான்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அந்த முகத்தில் மேலுதட்டை முழுதாக மூடிய ஒரு மீசையும் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, மற்றவன் மீசையில் எனக்கென்ன வேலை என்று விட்டுவிட்டேன்.

2. படங்குக்குள் நடந்த ஒப்பரேஷன்

முதலில் ஒரு கணக்கு. காரின் பற்றரியில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதை நம்பி எல்.இ.டி. கட்டக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலே போகும். நான் தொழில் பழகிய காலத்தில் 12க்குக் கணக்குப் பார்த்துக் கட்டி, ஒரு வான் வண்டியின் லைட் முழுவதையும் ஒரே பயணத்தில் கருக்கியிருக்கிறேன். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு மூன்று வோல்ட் சொச்சம் வேண்டும். மூன்றைத் தொடராகப் போட்டால் பத்துக்குக் கிட்ட. மிச்சத்தை ரெசிஸ்டர் தின்ன வேண்டும். 14.4 என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் லைட் கொஞ்சம் மங்கலாகத்தான் எரியும், ஆனால் வருடக்கணக்கில் எரியும்.

பெட்டிக்கு அலுமினியச் சட்டம் ஒரு துண்டு தேவைப்பட்டது. பக்கத்து டிங்கரிங் கடைக்காரர், கிண்ணியா ரவூப் நானா, ஜன்னல் சட்டத்தில் வெட்டித் தந்தார். உள்ளுக்கு மினுக்கமில்லாத கறுப்புப் பெயின்ற் அடித்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்தாமல் பரவுவதற்கு, ஐஸ்கிறீம் டப்பாவின் வெள்ளை மூடியில் ஒரு துண்டை வெட்டிப் பெட்டியின் வாயில் வைத்தேன். சிரிக்க வேண்டாம். கடைகளில் விற்கிற மறைப்புகளில் பாதி அதைவிட மோசம்.

சன் வைசருக்கு மேலே, குணத்தாரின் முகத்துக்கு நேரே பூட்டினேன். இரவு வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. லொறிப் படங்கு ஒன்றை எடுத்துக் காரை முழுதாகப் போர்த்து, பட்டப்பகலில் உள்ளே இருட்டாக்கினோம். திருகோணமலை வெயிலில் படங்குக்குள் இருப்பது என்றால் எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிசத்தில் சட்டையைப் பிழியலாம்.

ரவூப் நானா படங்கின் நுனியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். “என்ன பாஸ், ஒப்பரேஷன் தியேட்டரா கட்டுறீங்க?”

“வாயை மூடிக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ நானா. ஒரு டெஸ்ட் இருக்கு.”

டெஸ்ட் இதுதான். குணத்தார் ஸ்டியரிங்கில் இருந்து ஏதாவது சொல்ல வேண்டும். பக்கத்து சீற்றில் இருப்பவர் அவருடைய வாயைப் பார்த்து என்ன சொன்னார் என்று கண்டுபிடிக்க வேண்டும். “கத்தரிக்காய்” என்றார் குணத்தார். “கத்தரிக்காய்” என்றேன் நான். “மூதூர்ச் சந்தை” என்றார். “மூதூர்ச் சந்தை” என்றார் ரவூப் நானா. ஒன்றும் பிழையாகவில்லை. மூன்று பேரும் வெகு சந்தோசமாகப் படங்கை விட்டு வெளியே வந்தோம்.

கொஞ்சம் நின்று இதை யோசித்துப் பாருங்கள். நாங்கள் மூன்று பேரும் காது கேட்கிறவர்கள். குணத்தார் சொன்னதைக் காதாலே கேட்டுவிட்டு, வாயைப் பார்த்து விளங்கியதாக நினைத்துக்கொண்டோம். முப்பத்தாறு வருட அனுபவக்காரன் ஒருவன், அறுபது வயது டிங்கர் ஒருவர், ஸ்டோரில் ஆணி ஆணியாக எண்ணி வைக்கிற மனிதர் ஒருவர். மூன்று மண்டைக்கும் இது எட்டவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கத்தில் காது சுடும்.

அன்று பொழுதுபடக் குணத்தாரோடு துறைமுகப் பக்கம் ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். அப்போதும் நான் குறை கண்டது லைட்டில்தான். மேலேயிருந்து விழுந்ததால் மூக்கின் நிழல் வாயில் படிந்தது. முன் கண்ணாடியில் குணத்தாரின் முகம் மினுங்கிக்கொண்டு கூடவே வந்தது. “சரி வராது, கழட்டுவம்” என்றேன்.

இரண்டாவது லைட்டை மீற்றர் பலகைக்குக் கீழே, மேல் நோக்கி வைத்தேன். நிழல் போய்விட்டது. ஆனால் கீழேயிருந்து வெளிச்சம் பட்ட அந்த மீசை முகத்தைப் பார்த்த ரவூப் நானா, “குணத்தார், இந்த மூஞ்சோட போங்க. யானை தன்னால ஓடிரும்” என்றார். குணத்தாரின் கண்ணும் கூசியது. போதாக்குறைக்கு நான் அவசரத்தில் சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தேன். கார் ஒரு நாள் வெயிலில் நின்றதும் பசை இளகி, லைட் கழன்று பிரேக் பெடலுக்குக் கிட்டப் போய் விழுந்தது. நல்ல காலம், கார் ஓடாமல் நின்ற நேரம். என்னுடைய பிழைகளில் இதுதான் ஆபத்தானது. பெடல் பக்கம் பூட்டுகிற எதையும் ஸ்குரூ போட்டுத்தான் பூட்ட வேண்டும், பசையை நம்பக் கூடாது.

மூன்றாவதைக் கதவுப் பக்கத் தூணில் வைத்தேன். வலக்கண்ணுக்குள் ஊசி ஏற்றுவது மாதிரி இருக்கிறது என்றார் குணத்தார். இப்படியே இரண்டு சனிக்கிழமை போய்விட்டது. இரண்டிலும் அவர் தனியத்தான் கிளிவெட்டிக்குப் போய் வந்தார்.

“மகள் கேக்கிறாள் பாஸ், அம்மாவுக்கு என்னில ஏதும் கோபமோ எண்டு.”

எனக்குக் கொதி வந்தது. அவர்மீது அல்ல, என்மீது. ஒரு சாண் லைட் என்னை இப்படி விழுத்துகிறதே என்ற கொதி.

3. ஈஸ்வரி தங்கச்சி ரோர்ச் அடித்த இடம்

எங்கள் கராஜ்களில் ஒரு பழக்கம் உண்டு. யார் சாவியைக் கொண்டு வந்து மேசையில் வைக்கிறாரோ அவர்தான் கஸ்டமர். கேள்வியெல்லாம் அவரிடம், மறுமொழியெல்லாம் அவரிடமிருந்து. கூட வருகிற ஆட்களுக்குக் கதிரை கொடுப்போம், பிளேன்ரீ கொடுப்போம். ஒன்றும் கேட்க மாட்டோம்.

மூன்றாவது லைட்டைக் கொஞ்சம் சரித்து, மறைப்பு வைத்துத் திருத்திய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குணத்தார் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போல நான் ஈஸ்வரிக்குக் கதிரை போட்டேன். குணத்தாரிடம் சொன்னேன்: “காரைப் போர்த்து எல்லாம் ஆயத்தம். அவவைப் பக்கத்து சீற்றில இருக்கச் சொல்லுங்கோ. நீங்கள் ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில வைச்சிருங்கோ. கீழ வயர் திறந்தபடி கிடக்கு, கை காலை ஆட்டிப் போடாதேங்கோ.”

ஈஸ்வரி ஏறினார். நான் பின் சீற்றில். படங்கை இழுத்துவிட்டு லைட்டைப் போட்டேன். குணத்தாரின் முகம் அருமையாகத் தெரிந்தது. மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. அவர் கண்ணாடியில் பழகிய மாதிரியே ஆறுதலாக வாயைத் திறந்து, “சனிக்கிழமை பேரனைப் பாக்கப் போவமோ?” என்றார்.

“என்ன சொல்லுறியள்?” என்றார் ஈஸ்வரி. தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் சத்தமாகத்தான் கதைப்பார். பூட்டிய காருக்குள் என் காது அடைத்தது.

குணத்தார் திரும்பச் சொன்னார். இன்னும் ஆறுதலாக.

“விளங்கேல்லை!”

மூன்றாம் தரமும் விளங்கவில்லை. குணத்தாருக்கு வியர்த்து வழிந்தது. எனக்கு உலகமே வெறுத்துப் போனது. இவ்வளவு நாள் பட்ட பாடு, இத்தனை ரெசிஸ்டர், எல்லாம் வீண். லைட்டை நூர்த்துவிட்டேன்.

அந்த இருட்டுக்குள்ளே குணத்தார் பொறுமை இழந்து, என் எச்சரிக்கையையும் மறந்து, இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, ஈஸ்வரியின் முழங்கையில் தட்டுப்பட வீசினார். “ஐயோ, நான் பேரனைப் பாக்கப் போறதைக் கேக்கிறன் இஞ்சேரும்!”

ஈஸ்வரி மடியிலிருந்த போனை எடுத்தார். ரோர்ச்சைப் போட்டார். முகத்துக்கு அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அடித்தது கியருக்கு மேலே நின்ற அந்தக் கைக்கு.

“இப்ப சொல்லுங்கோ.”

குணத்தார் ஒன்றும் விளங்காமல், சொன்னதையே திரும்பச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அந்தக் கை தன்பாட்டில் ஆடியது. ஒரு பிள்ளையை ஏந்துகிற மாதிரி வளைந்தது, முன்னுக்கு நீண்டது, கேள்வியாக மலர்ந்தது.

“பேரனைப் பாக்கவோ? சனிக்கிழமையோ?” என்றார் ஈஸ்வரி.

குணத்தார் தன் கையைப் பார்த்தார், ஏதோ வேறு ஒருவருடைய கை அங்கே கிடப்பது போல.

“நீர் என்ர வாயைப் பாக்கிறேல்லையோ?”

அவர் கேட்டது, வாயைத் தொட்ட கையைப் பார்த்து ஈஸ்வரிக்கு விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து, புருசனுக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொன்னார்.

“அண்ணன், அந்த மீசைக்குள்ள வாய் எங்க கிடக்குதெண்டு நான் பாக்கிறது? இவர் கலியாணம் கட்டின நாளிலயிருந்து கையாலதான் கதைக்கிறவர். அது அவருக்கே தெரியாது. மாடெண்டால் கொம்பு வைப்பார், பொலிசெண்டால் தொப்பியைத் தொடுவார். நான் கையைப் பாப்பன், கண்ணைப் பாப்பன், மிச்சத்தை நானா நிரப்புவன். யானை நிண்ட அண்டைக்கு இருட்டுக்க கை தெரியேல்லை. அதுதான் நான் செத்துப் பிழைச்சனான்.”

“இதை முந்தியே சொல்லியிருக்கலாமே தங்கச்சி!” என்று, நானும் கையை விரித்துத்தான் கேட்டேன்.

“கண்ணாடிக்கு முன்னால நிண்டு எனக்காக வாய் பழகின மனுசனிட்ட எப்பிடிச் சொல்லுறது?”

குணத்தார் கதவைத் திறந்து, படங்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். வீதிக்கு அந்தப் பக்கம் போய், தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். தன் கடை வாசலில் நின்ற ரவூப் நானா என்னிடம் கண்ணால் என்ன என்று கேட்டார். நான் உதட்டைப் பிதுக்கினேன். வயர் அறுந்தால் எனக்கு ஒட்டத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்வரி இறங்கி வந்து, கதிரையில் அமர்ந்து பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். அவசரப்படவில்லை. குணத்தார் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“மீசையை வழிச்சுப்போட்டு வரட்டோ?” என்று கேட்டார். கேட்கும்போதே கை மீசையில் கத்தி போட்டது.

“வேண்டாமப்பா! பேரன் பயந்திடுவான்” என்றார் ஈஸ்வரி.

ரவூப் நானாதான் முதலில் சிரித்தார். பிறகு குணத்தாரும் சிரித்துவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

4. நாலாவது லைட்

அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் கதிரையில் இருந்த ஆளிடம் போய், “எங்க வைக்கட்டும்?” என்று கேட்டேன்.

ஈஸ்வரி எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். “தையல் மெஷினில ஊசிக்கு லைட் வைக்கிறதெண்டால், கை நிழல் ஊசியில விழாத பக்கத்தால வைக்கோணும். இதுவும் அதுதானே அண்ணன்? நான் பாக்கிறது கையின்ர இந்தப் பக்கத்தை. அப்ப வெளிச்சம் என்ர பக்கத்தால வரோணும். கீழால வரோணும். கண்ணுக்கு வரக் கூடாது.”

இருபது வருடமாக ஊசி முனையில் வெளிச்சம் விழுத்திச் சீவிக்கிறவர் அவர். அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, நாங்கள் மூன்று ஆம்பிளைகள் படங்குக்குள் அவிந்துகொண்டிருந்திருக்கிறோம்!

வேலை ஒரு நாளில் முடிந்தது. இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று எல்.இ.டி. கண்ணை உறுத்தாத மஞ்சள் கலந்த வெள்ளை. அதே அலுமினியப் பெட்டி, அதே ஐஸ்கிறீம் மூடி. ஈஸ்வரியின் முழங்காலுக்கு முன்னால், சாமான் பெட்டிக்கு அடியில், கியரைப் பார்த்தபடி இரண்டு ஸ்குரூ போட்டு இறுக்கினேன். மின்சாரத்தை சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற லைனில் எடுத்து, தனியாக ஒரு அம்பியர் பியூஸும் போட்டேன். எங்கள் ஊர்க் கடற்காற்றுக்கு சோல்டர் மூட்டுகள் பச்சை பிடித்து விட்டுப்போகும். அதற்கு நான் பூசுவது கியூடெக்ஸ். நகத்துக்குப் பூசுகிறார்களே, அதேதான். நிறமில்லாததில் இரண்டு பூச்சு. ரவூப் நானா அதற்கும் ஒரு பகிடி விட்டார், இங்கே எழுத மாட்டேன்.

முகத்துக்கு வெளிச்சம் தேடி நான் பட்ட தொல்லை ஒன்றுகூட இதில் இல்லை. கீழே விழுகிற வெளிச்சம் கண்ணாடியில் ஏறாது, ஓட்டுபவரின் கண்ணிலும் படாது. கியருக்கு மேலே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெளிச்சம், அவ்வளவுதான்.

சுவிட்சை வழக்கம்போல ஸ்டியரிங் பக்கம் வைக்க வயர் இழுத்தேன். ஈஸ்வரி என் தோளில் தட்டினார். “உதென்ன அங்கால போகுது? எனக்கெல்லோ லைட்? சுவிட்ச் என்ர கைக்கு எட்ட வையுங்கோ.”

குணத்தாரைப் பார்த்தேன். அவர் ஓம் என்று தலையாட்டினார். வைத்தேன்.

பொழுது கருகிற நேரம், குணத்தார், ஈஸ்வரி, நான் மூன்று பேரும் காரில் சீனன்குடாப் பக்கம் ஓடினோம். நான் பின் சீற்றில். குணத்தாருக்குத் தன் கையைப் பற்றி இப்போது தெரிந்துவிட்டது அல்லவா? அது பெரிய கரைச்சலாகிவிட்டது. நாடகத்தில் முதல் தரம் மேடையேறின ஆள் மாதிரி விறைப்பாகக் கையை நீட்டி, மடக்கி, ஒரு சொல்லுக்கு ஒரு சைகை என்று காட்டத் தொடங்கினார். ஈஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“கையை மறந்துபோட்டு நீங்கள் உங்கட பாட்டுக்குக் கதையுங்கோ!” என்று ஒரு சத்தம் போட்டார்.

கொஞ்சத் தூரம் போனதும் குணத்தார் கையை மறந்துவிட்டார். ஸ்டோரில் நடந்த ஏதோ ஒரு சண்டையை எனக்குச் சொல்லத் தொடங்கினார். ஈஸ்வரி குனிந்து கையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். நான் சிரித்த அதே இடத்தில் சிரித்தார். ஒரு வளைவில் குணத்தார் வேகத்தைக் குறைத்தார். கை தன்பாட்டில் கொம்பு வைத்தது. “மாடு படுத்துக் கிடக்குது அண்ணன், பிடிச்சுக்கொள்ளுங்கோ” என்று ஈஸ்வரி எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகுதான் பின்னாலிருந்த எனக்கு மாடு தெரிந்தது.

திரும்பி வரும்போது ஸ்டோர்க் கதை முடிந்திருந்தது. கை கியரில் சும்மா கிடந்தது. பிறகு அவர் வாயைத் திறக்காமலே அந்தக் கை எழும்பியது. பிள்ளையை ஏந்துகிற மாதிரி வளைந்து, முன்னுக்கு நீண்டு, கேள்வியாக மலர்ந்து, அப்படியே நின்றது.

“ஓம், வாறன். ரெண்டு சட்டை தைச்சு வைச்சிருக்கிறன். அவன் வளந்து, அது சின்னனாப் போகமுதல் போடோணும்” என்றார் ஈஸ்வரி.

ஆறு கிழமை போகாமல் இருந்தபோதும், இந்த மனுசி பேரனுக்குச் சட்டை தைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குணத்தார் கையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். “ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ ஐயா, பின்னால நானும் இருக்கிறன்” என்று அதட்டினேன். வேறென்ன சொல்வது?

5. பிறகு வந்த ஒரு முறைப்பாடு

அந்தச் சனிக்கிழமையே இருவரும் போனார்கள். அதன் பிறகு ஒரு கிழமையும் தவறவில்லை. சட்டை இரண்டும் அளவாக இருந்ததாம்.

இந்த வேலையால் என் கராஜில் ஒன்று மாறியது. இப்போது யார் வந்து லைட் கேட்டாலும், எத்தனை வாட் என்று முதலில் கேட்பதில்லை. “ஆர் பாக்கிறதுக்கு?” என்று கேட்கிறேன். அந்த ஆளையும் கூட்டி வரச் சொல்கிறேன். அந்த ஆளையே அந்த சீற்றில் இருத்தி, அவரிடமே கேட்டுத்தான் துளை போடுகிறேன். சாவியை யார் வைத்திருந்தாலும் சரி. தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் ரெசிஸ்டர் கணக்கைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். இதை நான் மூன்று லைட் பிழையாகிப் போன பிறகுதான் படித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம், குணத்தாரின் கார் என் கடைக்கு முன்னால் வந்து நின்றது. அவர் மட்டும் இறங்கி வந்தார். ஈஸ்வரி மடியில் ஒரு பையோடு காருக்குள்ளேயே இருந்தார். லைட் ஏதும் நூர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“லைட்டில ஒரு பிழையுமில்லை பாஸ்” என்று குணத்தார் குரலைத் தாழ்த்தினார். “அந்த சுவிட்சை மட்டும் என்ர பக்கம் மாத்தித் தாங்கோ. நான் எங்கட ஸ்டோர்க் கதையைத் தொடங்கினால் டிக்கெண்டு நூத்துப்போடுறா. பாலத்தில தொடங்கின கதையை ஒரு நாளும் மூதூரில முடிச்சதில்லை.”

அதற்குள் காருக்குள்ளேயிருந்து, வீதி முழுக்கக் கேட்க ஒரு குரல் வந்தது.

“மாத்த வேண்டாம் அண்ணன்!”

குணத்தார் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு குனிந்து தன் இடது கையைப் பார்த்தார். சுவிட்சை நூர்க்கிற மாதிரி மடங்கிய விரல் இன்னும் நிமிரவில்லை.

நான் மாற்றிக் கொடுக்கவில்லை.